ஐம்பதடி நாடா

ராத்திரி முழுக்க வாளித் தண்ணீரில் ஊறியது.
எரிமலைக் கல்லை உருக்கி நெய்ததாம்.
இரண்டங்குல அகலம், ஐம்பதடி நீளம்.
ஈரத்தோடு சுற்றினால்தான் காயும்போது இறுகும்
என்று உறையில் போட்டிருக்கிறது.
கையுறை அணியவும் என்றும் போட்டிருக்கிறது,
அதைப் பிறகுதான் படித்தேன்.

மெய்ரிக் மதிலுக்கு மேலே தலையை நீட்டினான்.
"நெரிஸ், இந்த ஊரிலா?
வெயிலடித்தால் செய்தியாகிற ஊரில்
புகைக்குழாய்க்குக் கம்பளி போர்த்துகிறாய்.
மழையைக் குடித்துக்கொண்டே கிடக்கும்.
உள்ளே துரு தின்னும், வெளியே தெரியாது.
ஒருநாள் பிரித்தால்
குழாய் இருக்காது, குழாய் வடிவில் நாடா இருக்கும்."

தப்பாக ஒன்றும் சொல்லவில்லை.

சூடு உள்ளேயே நின்றால்
புகை விரைந்தோடும், வண்டியும் ஓடும்
என்று சுற்றுகிறவர்கள் உண்டு.
பார்க்க நன்றாயிருக்கிறதென்று சுற்றுகிறவர்கள் உண்டு.
நசுங்கலை மறைத்து விற்பதற்காகச் சுற்றிய ஒருவனிடம்தான்
இந்த யமஹாவையே வாங்கினோம், தொண்ணூற்றொன்றில்.
"வேகத்துக்கு" என்றேன் மெய்ரிக்கிடம்.
எழுபத்தெட்டாம் வருட வண்டி.
அவனும் சிரிக்க வேண்டாமா.

போன ஆகஸ்டில் கிரிமியாக் கணவாயில்
ஏதோ தீய்கிற வாசம்.
யாரோ தோட்டத்தில் குப்பை எரிக்கிறார்கள் என்று நினைத்தேன்.
பின்னால் எம்ரிஸ்
சாலையோர ஆடுகளை எண்ணிக்கொண்டு வந்தான்.
நூற்றுப் பதினாறு என்று என் காதில் கத்தினான்.
தேநீருக்கு நிறுத்திய இடத்தில் இறங்கிப் பார்த்தால்
ஜீன்ஸில் உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை,
ஓட்டைக்குள் கெண்டைக்கால்.

முதுகில் கத்தி வைத்ததிலிருந்து
வலது முழங்காலுக்குக் கீழே அவன் வீட்டில் ஆளில்லை.
நடக்கிறது, நிற்கிறது,
கேட்டால் மட்டும் பதில் சொல்வதில்லை.
வெந்த தோலை அவன் பார்த்தது
விலாசம் மாறி வந்த கடிதத்தைப் பார்ப்பதுபோல.
"வண்டியை விற்றுவிடலாம்" என்றான்.
முப்பது வருடம் அவன் முன்னால் உட்கார்ந்து ஓட்டிய வண்டி.
நான் கப்பை மேசையில் வைத்தேன், கொஞ்சம் பலமாக.

இதோ, கழற்றிய குழாய் என் மடியில்.
கீழிருந்து மேலே சுற்றுகிறேன்,
ஒரு சுற்றின் விளிம்பை அடுத்த சுற்று மூட.
கூரைக்குச் சிலேட்டு வேய்கிற முறைதான்,
நீர் இறங்க வேண்டும், நுழையக் கூடாது.
இந்த ஊர்க் கைக்கு அதைச் சொல்லித்தர வேண்டாம்.
வளைவில்தான் நாடா சண்டித்தனம் செய்கிறது,
இழுத்தால் ஒரு பக்கம் புடைக்கிறது,
விட்டால் மறுபக்கம் வாய் திறக்கிறது.
மூன்று தடவை பிரித்தேன்.
எஃகுப் பட்டையை இடுக்கியால் முறுக்கிக்
கடைசியில் ஒரு கெட்ட வார்த்தையும் சேர்த்துக் கட்டினேன்.

இழைத்தூள் முழங்கை வரை ஏறிவிட்டது.
சொறிந்துகொண்டே இருக்கிறேன்.
"ரொம்ப அரிக்கிறதா?" என்று கேட்கிறான் எம்ரிஸ்,
குரலில் லேசாய்ப் பொறாமை.

மாட்டி, உதைத்துக் கிளப்பியதும்
கொட்டகை முழுக்க வெள்ளைப் புகை,
நனைந்த நாயின் நெடி.
எதிர் வீட்டில் ஜன்னலைச் சாத்தினார்கள்.
இருபது நிமிடம் ஓடவிட்டேன்.
புகை அடங்கியதும்
என் வலது கெண்டைக்காலை நாடாமேல் வைத்து எண்ணினேன்.
ஒன்று.
இரண்டு.
மூன்றில் பல்லைக் கடித்தேன்.
நாலில் எடுத்துவிட்டேன்.
வெறும் குழாயில் ஒன்றுகூட எண்ண முடியாது.

நாலு எண்ணிக்கை. இதற்குத்தான் ஐம்பதடி.
சைக்கிள் கடையில் வாங்கிய சின்னக் கண்ணாடியை
கைப்பிடிக்குக் கீழே பொருத்தியிருக்கிறேன்.
அதில் சாலை தெரியாது,
அவன் முழங்கால் தெரியும்.

வலப்பக்கம் நின்று இடது காலைத் தூக்கிப் போட்டான்.
பிறகு வலதைக் கையாலெடுத்துப் படியில் வைத்தான்,
யாரோ பார்த்துக்கொள்ளச் சொன்ன பையைப் போல.
தெருமுனை தாண்டவில்லை, தூறல்.
நாடாவில் விழுந்த துளிகள் சுர்ரென்றன.
மெய்ரிக் மதிலருகே நின்று
மூன்று விரலைக் காட்டினான்.
மூன்று வருடம் தாங்கும் என்கிறானா,
மூன்று மாதமா,
கேட்க நிற்கவில்லை.